ஆல்ஃபின் பழுப்புச் சூட்

தேநீரைக் கவிழ்த்தது ஹில்டாதான். தூக்குக் கைதியின் அறையில் காவலிருப்பவள் கைதியைக் கலகலப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது சிறை வழக்கம். அதற்காக, தன் பெருத்த உடம்பு பர்ன்லி ஊருக்குப் போகும் பேருந்தின் வாசலில் சிக்கிக்கொண்ட கதையை எழுந்து நின்று நடித்துக்காட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை. கதையில் பேருந்து திரும்பிய இடத்தில் ஹில்டாவின் முழங்கையும் திரும்பியது. குவளைத் தேநீர் அத்தனையும், பொன்போல் சேர்த்து வைத்திருந்த ரேஷன் சர்க்கரையோடு, கைதியின் சாம்பல்நிறக் கவுனில் இறங்கியது.

"ஐயையோ! சுட்டுடுச்சா?"

"உங்க தேத்தண்ணியா? அது என்னைக்குச் சூடா இருந்திருக்கு?" என்றார் ஆல்ஃப்.

நீதிமன்றத்தில் அவர் ஆக்னஸ் பிக்கப் என்ற பெண். வெளியே, இளவயதிலேயே முடியைக் கத்தரித்துக் கால்சட்டை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நிலக்கரி மூட்டை சுமந்த ஆல்ஃப். வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைக் கரி அள்ளும் மண்வெட்டியால் அடித்துக் கொன்றது அவர்தான்; ஒருநாளும் அவர் மறுத்ததில்லை. கருணை மனு தள்ளுபடியாகிவிட்டது. வியாழக்கிழமை காலை தூக்கு.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. கடைசிக் காலையில் கைதிக்குச் சொந்த உடுப்பைத் திருப்பிக் கொடுப்பார்கள். தன் சூட்டைத் தருவார்களா, இல்லை கவுனிலேயே அனுப்பிவிடுவார்களா? பாதிரியார், ஆண்டவர் உள்ளத்தைத்தான் பார்க்கிறார் என்றார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். தலைமைக் காவலர் மிஸ் தார்ன்லி, "பார்க்கலாம்" என்றார். ஹில்டா ஒரு ஜோக் சொன்னாள். அன்றிரவு அந்த ஜோக்கை நினைத்து அவளே கூசிப்போனாள்.

தேநீர் கொட்டிய அன்று திங்கட்கிழமை, லங்காஷயரில் ராணியே வந்தாலும் திங்கள் சலவை நிற்காது. மாற்றுக் கவுன்களெல்லாம் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. கூடக் காவலிருந்த மேவிஸ், கதவுக்கு வெளியே நின்றவளிடம் உலர்ந்த உடுப்பு ஏதாவது கொண்டுவரச் சொன்னாள். சிறைக்கு வந்த அன்று கழற்றி வாங்கிவைத்த ஆல்ஃபின் உடுப்பு மூட்டையே வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்ப வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

போர்வை மறைவிலிருந்து அவர் வெளியே வந்தார். பழுப்புச் சூட், வெள்ளைச் சட்டை, சட்டையோடு பித்தளைப் பித்தானால் மாட்டிக்கொள்ளும் தனிக் காலர். டை கிடையாது, ஷூக்களில் கயிறும் கிடையாது. தானாகத் தூக்கில் தொங்கிவிடக் கூடாதாம். கவுனில் அவர் எப்போதும் மழைக்கு ஒதுங்கியவர்போல நாற்காலி நுனியில்தான் உட்காருவார். இப்போது கால்களை அகட்டி, முதுகைச் சாய்த்து, அறை முழுவதும் தனது என்பதுபோல் உட்கார்ந்தார். மேஜைமேல் விளையாட வைத்திருந்த டாமினோ கட்டைகளை ஒதுக்கிவிட்டு, கெண்டியில் மிஞ்சியிருந்த தேநீரை ஊற்றினார்.

"உட்காருங்கம்மா. நம்ம வீடுன்னு நினைச்சுக்குங்க."

ஹில்டாவின் கை தன்னையறியாமல் கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கியது. ஜெபத்தின் நடுவே கோயிலுக்குள் நுழைந்துவிட்டவள்போல் மூச்சை அடக்கிக்கொண்டாள். இத்தனை நாளும் தான் காவல் காத்தது வேறு யாரையோ. இவர் இப்போதுதான் வருகிறார், வியாழக்கிழமை போய்விடுவார்.

கதவு திறந்தது. மிஸ் தார்ன்லி.

"இது யார் வேலை?"

"என் முழங்கை வேலை, மேடம்."

"உடனே கழட்டச் சொல்."

ஆல்ஃப் எழுந்தார். இருபது வருஷ வேலை, பென்ஷன், எல்லாம் ஹில்டாவின் கண்முன் வந்து போயின.

"மேடம், வியாழக்கிழமை இந்தச் சூட்டைக் குடுப்பீங்களா?"

"பார்க்கலாம்."

"இப்பவே பாருங்க மேடம். எதிர்லதான நிக்கிறாரு."

மேவிஸ் கண்களை மூடிக்கொண்டாள். மிஸ் தார்ன்லி ஆல்ஃபைப் பார்த்தார். தலையிலிருந்து கயிறில்லாத ஷூக்கள்வரை, கோட்டின் மடிப்பு மடிப்பாக, நெடுநேரம் பார்த்தார். பிறகு ஹில்டாவின் பக்கம் திரும்பினார்.

"குடுக்கிறேன். நானே இஸ்திரி போட்டுக் கொண்டுவர்றேன். காலர் மட்டும் கிடையாது. கழுத்து திறந்திருக்கணும்."



ஆல்ஃப் தலையசைத்தார். கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், நிதானமாகக் காலரைக் கழற்றினார். அந்தச் சின்னப் பித்தளைப் பித்தானைக் கோட்டின் கையில் துடைத்து, மேஜைமேல் டாமினோ கட்டைகளுக்கு நடுவே, ஹில்டாவின் பக்கமாக வைத்தார்.