கதவு வரைக்கும் போகும் மீன்

அக்காவைக் கையோடு கூட்டிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். எங்கள் குடும்பத்தில் பொறுப்பான வேலை ஒன்று என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. வேறு ஆள் கிடைக்காததுதான் காரணம்.

அத்தான் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வீட்டில் மட்டும் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவர்போல நடந்துகொள்வார். கடல் கொந்தளிப்பாக இருந்த ஒருநாள், காய்கறிக் கழிவைக் கொட்ட மேல்தளத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டுக் 'காணவில்லை' என்றது கம்பெனி. அக்கா அந்தச் சொல்லை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"காணோம்னுதானே சொன்னாங்க? அப்பா தினமும் மூக்குக் கண்ணாடியைக் காணோம்கிறார். செத்தா போச்சு அது?" என்று அம்மாவையே மடக்கினாள்.

அதற்கப்புறம் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சாயங்காலம் போன் செய்தால் பேச்சின் நடுவிலேயே, "நேரமாச்சு, வெச்சுடறேன்" என்பாள். என்ன நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. "ஒழுங்கா சாப்பிடறியாடி?" என்று அம்மா ஒருநாள் கேட்டதற்கு, "மீன் நல்லா சாப்பிடுதும்மா" என்றாள். அன்றைக்கே அம்மா என் துணிகளைத் தானே மடித்துப் பையில் அடைத்துவிட்டாள்.

அக்காவின் வீடு மூன்றாம் மாடியில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் அளவுக்கு ஒரு சமையலறை. ஹாலில் ஒரு பக்கச் சுவரோரம் மீன் தொட்டி. எதிர்ப் பக்கம் வாசல் கதவு. நடுவே சோபா. தொட்டிக்குள் ஒரே ஒரு வெள்ளி அரோவானா. நீளமாக, தட்டையாக, வாளுக்குச் செதில் முளைத்ததுபோல இருந்தது. வாய் மேல்நோக்கி ஏறி, தாடையில் இரண்டு மீசை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் பேராசிரியரின் முகம். என்னைப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

தொட்டிக்கு மேல் கண்ணாடி மூடி. மூடிக்கு மேல் இஸ்திரிப் பெட்டி.

"குதிக்குமா?" என்று கேட்டேன்.

"குதிக்கற சாதி."

"அதான் இஸ்திரிப் பெட்டியா?"

"ஃபில்டர் குழாய் போற மூலையில கொஞ்சம் இடைவெளி இருக்கு பாரு. அதுவழியா வந்துடும்."

"அதை அடைச்சா என்ன?"

அக்கா அதைக் காதில் வாங்காமல் சட்டம் வாசிக்க ஆரம்பித்தாள். "தெருவிளக்கு எரியறதுக்கு முன்னாடி நீ வீட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கப்புறம் கதவைத் திறக்கக் கூடாது."

"யாராவது பெல் அடிச்சா?"

"அவர் பெல் அடிக்க மாட்டார். சாவி அவர்கிட்ட இருக்கு."

"நான் அவரைக் கேக்கலக்கா. சாப்பாடு ஆர்டர் பண்ணினா கொண்டு வர்ற ஆளைக் கேட்டேன்."

"பட்டினி கிட."

அன்று சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் அக்கா டிவியை அணைத்தாள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிளாட்பாரத்தில் பையோடு உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தது. அதுவரை தொட்டியை இங்குமங்கும் அளந்துகொண்டிருந்த மீன் அடியில் போய் அசையாமல் நின்றது.

தண்ணீர் ஒருமுறை அறைந்தது. அடுத்த சத்தம் தரையில் கேட்டது.

எனக்கு வீரம் இல்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு கடைசிவரை பார்த்தேன். தரையில் விழுந்த மீன் கண்டபடி துள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். இது துள்ளவில்லை. உடம்பை வளைத்து வளைத்து, சோபாக் காலைச் சுற்றிக்கொண்டு, நேராக வாசலுக்குப் போனது. கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்தது. அப்புறம் அசையவில்லை. செவுள் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அக்கா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்கிறதா, பூட்டில் சாவி திரும்புகிறதா என்று. எதுவும் இல்லை. பெருமூச்சு விட்டு எழுந்து, ஈரத்துண்டால் மீனைச் சுற்றித் தூக்கினாள்.

"காய்ஞ்ச கையால தொடாதே. மேல இருக்கற வழவழப்பு போயிட்டா அதுக்குச் சீக்கு வந்துடும்," என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே தொட்டிக்குள் இறக்கி, ஃபில்டர் தண்ணீர் பாயும் பக்கமாக அதன் வாயைத் திருப்பி, மூச்சு சீராகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூங்கவைப்பதுபோல.

"அவர் லீவுல வந்திருந்தப்போ படியில அவர் காலடி கேட்டாலே இது குதிச்சு மூடியில முட்டும்டா. இப்போ தினமும் கதவுகிட்டயே போய் நிக்குது. நமக்குத்தான் எதுவும் கேக்க மாட்டேங்குது."

நான் படிப்பது புள்ளியியல். ஒரே ஒரு மீனை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது, குறைந்தபட்சம் இன்னொரு மீனாவது வேண்டும் என்றேன்.

"வந்துட்டாருடா வக்கீல்," என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் வக்கீல்.

அம்மா தினமும் போனில் கேட்டாள். "என்னடா, எப்போ கிளம்பறீங்க?"

"மீன் விட மாட்டேங்குதும்மா."

"மீனை வறுத்துட்டு அவளைக் கூட்டிட்டு வாடா."

அந்த மீன் இருக்கும்வரை அக்கா அங்கிருந்து நகரமாட்டாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நாளுக்கு நாள் அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. மீனுக்கு மட்டும் வேளை தவறாமல் இறால் துண்டு விழுந்தது.

ஒருநாள் கப்பல் கம்பெனி ஆபீசில் கூப்பிட்டார்கள் என்று அக்கா போனாள். "நான் வர நேரமாகும். துண்டை நனைச்சு வெச்சுக்கோ," என்று படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனாள். நனைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் பால்கனியில் நின்று வகுப்புத் தோழன் ஒருவனோடு, எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் எந்த ஆசிரியரை எவ்வளவு கிண்டல் செய்தால் டி.சி. கொடுக்க மாட்டார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்ததில், தெருவிளக்கு எரிந்ததைக் கவனிக்கவில்லை. உள்ளே வந்தபோது மீன் கதவடியில் கிடந்தது. செவுள் அசையவில்லை. செதில் காய்ந்து, காகிதம்போல ஆகியிருந்தது.

அப்போது நான் அழுதேனா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருமுனை வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். அதே நீளத்தில் ஒரு வெள்ளி அரோவானா இருந்தது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கவரில் தண்ணீர் பிடித்து, காற்றடைத்துக் கொடுத்தார். அக்கா வருவதற்குள் தொட்டியில் மீன் இருந்தது. அவள் பார்த்தாள், இறால் போட்டாள், படுத்துவிட்டாள்.

மறுநாள் எனக்கு உள்ளூர நிம்மதியாகவே இருந்தது. இந்த மீனுக்கு அத்தானைத் தெரியாது. அவர் காலடியைத் தெரியாது. இன்று குதிக்காது. குதித்தாலும் சோபாவுக்கடியில் எங்காவது கிடந்து துடிக்கும். அக்காவின் கதை அதோடு முடியும். தப்பு செய்தவனுக்கு இப்படி ஒரு லாபமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

தெருவிளக்கு எரிந்தது. புது மீன் அடியில் போய் அசையாமல் நின்றது.

அப்புறம் தண்ணீர் அறைந்தது. சோபாக் காலைச் சுற்றிக்கொண்டு, நேராக வாசலுக்குப் போய், கதவிடுக்கில் மூக்கை வைத்தது.

இன்னொரு மீன் வேண்டும் என்று கேட்டவன் நான்தான்.

மறுநாள் கடைக்காரரிடம் போய், அரோவானா எல்லாமே இப்படிக் கதவுக்குத்தான் போகுமா என்று கேட்டேன்.

"குதிக்கும் தம்பி. குதிக்காத அரோவானா கிடையாது. ஆனா கதவு எங்க இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னா?" என்று சிரித்தார். "உங்க அக்காவும் இதையேதான் கேட்டாங்க. அக்காவும் தம்பியும் மாத்தி மாத்தி வாங்கிட்டுப் போறீங்களே, வளக்கறீங்களா, சாப்பிடறீங்களா?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அக்கா துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது அந்த மீன் இல்ல."

"தெரியும். இதுக்கு மீசை வலப்பக்கம் வளைஞ்சிருக்கு. நான் வாங்கினதுக்கு இடப்பக்கம்."

"அப்போ அத்தான் வளத்த மீன்?"

"அவரைக் காணோம்னு போன் வந்த வாரமே செத்துப்போச்சு. அது கதவுப் பக்கம் போனதே இல்லடா. ஒருநாள் காலையில மிதந்துச்சு, அவ்வளவுதான். வெறும் தொட்டியைப் பாக்க முடியலன்னு வேற ஒண்ணு வாங்கி விட்டேன். அதுதான் முதல்ல கதவுக்குப் போச்சு. அது செத்ததும் அடுத்தது. எல்லாமே போகுது." துண்டைப் பிழிந்தாள். "மீனுக்கு என்னடா தெரியும்? அவர்தான்."

மீனை மீன் மாற்றியும் நடப்பது மாறவில்லை என்றால், காரணம் மீன் இல்லை. பரீட்சையில் எழுதுகிற மாதிரிதான் யோசித்தேன். "தொட்டியில எது மாறவே இல்ல?"

"தண்ணி," என்றாள், அதை எப்போதோ யோசித்து முடித்துவிட்டவள்போல. "முழுசா மாத்தினா மீன் தாங்காது, பாதியை எடுத்துட்டுப் பாதி ஊத்துன்னு சொல்லிட்டுப் போனார். அப்படித்தான் செய்யறேன். அவர் ஊத்தின தண்ணி இன்னும் அதுல இருக்கு."

பாதியில் பாதி, அந்தப் பாதியில் பாதி என்று எத்தனை தடவை குறைத்தாலும் அது பூஜ்யத்தைத் தொடாது. இதை வகுப்பில் ஒரே வரியில் நிரூபித்து முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அப்போது பயமாக இல்லை.

வெளியே விளக்கு எரிந்துவிட்டது. தொட்டிக்குள் மீன் அடியில் நின்றது. அதைப் பார்த்தபடியே, இத்தனை நாள் கண்ணெதிரே நடந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா. வர்றவரைப் பாக்கப் போற மீன் எதுக்கு இடுக்குக்குள்ள மூக்கை நுழைக்கணும்?"

"என்னடா சொல்ற?"

"அவர் வரல. வெளியே போகப் பாக்குறார். நீதான் தினமும் துண்டுல சுத்தித் திரும்ப உள்ளே விடற."

அறை விழும் என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன். விழவில்லை. "வெளியே போடா," என்றாள், குரலே இல்லாமல்.

"கதவைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னியே."

தண்ணீர் அறைந்தது.

மீன் சோபாக் காலைச் சுற்றியது. வாசலுக்குப் போனது. இடுக்கில் மூக்கை வைத்தது. அக்கா துண்டோடு எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றாள். குனியவில்லை. அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது.

"அவர் சாவி போட்டுத் திறக்க வேண்டிய கதவுடா இது," என்றாள். "நான் திறந்துட்டா அவர் இனிமே வர மாட்டார்."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே யாரும் இல்லை. நடையில் ஒரு மங்கலான பல்ப். நிலைப்படியைத் தொட்டுக்கொண்டிருந்த மீன் ஒருகணம் அப்படியே கிடந்தது. பிறகு திடீரென்று, மீன்கள் துள்ளுவதுபோல, கண்டபடி துள்ள ஆரம்பித்தது. சுவரில் மோதியது, என் காலில் மோதியது. திசை தெரியாத, சாதாரண, முட்டாள் மீன்.

ஈரம் மட்டும் அதோடு நிற்கவில்லை. நிலைப்படியைத் தாண்டி, நடையின் தரையில் கறுப்பாக நீண்டது. படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. முதல் படியில் சொட்டென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த படியில். அவசரமே இல்லை. கையில் சாமான் தூக்கிக்கொண்டு பார்த்துப் பார்த்து இறங்குகிறவர்போல.

"மீனை எடுடா," என்றாள் அக்கா, திரும்பாமல்.

அவள் கையிலிருந்த துண்டை வாங்கிச் சுற்றி, தொட்டிக்குள் விட்டு, வாயைத் தண்ணீர் பாயும் பக்கம் திருப்பிப் பிடித்தேன். செவுள் சீரானது. நான் வாசலுக்குத் திரும்பி வந்தபோது கீழ்த்தளத்திலிருந்து வீட்டுச் சொந்தக்காரம்மாவின் குரல் ஏறி வந்தது.

"யாருங்க அது? படியெல்லாம் தண்ணி! யாரு இறங்கிப் போனது?"

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க," என்றாள்.

அத்தான் விஷயம் அந்தம்மாவுக்குத் தெரியும்.

"நான் துடைச்சுடறேன்," என்று உள்ளே வந்து மாப்பை எடுத்தாள். மேல் படியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியாக, மூலை விடாமல். நான் கதவு சாத்திக்கொள்ளாமல் காலால் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திருப்பத்தில் மறைந்ததும் துடைக்கிற சத்தம் நின்றது. இறங்கிப் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. வெகுநேரம் கழித்துச் சத்தம் மறுபடி கேட்டது, இன்னும் கீழே.

"இந்த மாசத்தோட காலி பண்ணிக்கறேங்க," என்று அக்கா சொல்வது கேட்டது. "அம்மா வீட்டுக்குப் போறேன்."

வாடகையைப் பற்றிப் பேசாமல் ஒரு வாக்கியத்தை முடிக்காத சொந்தக்காரம்மா, "மெதுவா இறங்கும்மா. வழுக்கும்," என்று மட்டும் சொன்னார்.