பதினைந்து பாகக் கயிறு

1

இந்தக் கதை ஒரு முன்னுரையாகத்தான் பிறந்தது. மாவட்டத்துக்கு ஆண்டு விழா வருகிறது, மலர் போடுகிறோம், "நமது நிலமும் வரலாறும்" என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடு என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். ஆறுகள், மலைகள், மைனஸ் அறுபது குளிர், நடுவில் கொஞ்சம் பெருமை. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எழுதிய தொடக்கங்களை மறைக்கப் போவதில்லை.

"வெர்ஹயான்ஸ்க் மலைகளுக்கு வடக்கே, ஆளுக்குப் பன்னிரண்டு சதுர கிலோமீட்டர் வீதம் விரிந்து கிடக்கும் இந்த—" [தன் பங்கு எங்கே இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. அடித்தேன்.]

"கோடையிலும் இரண்டு முழத்துக்குக் கீழே உருகாத மண்ணில் நம் முன்னோர்—" [பள்ளிக்கூட வாசனை. அடித்தேன்.]

"இங்கே ஏரிகள் ஏராளம். ஆயினும் தித்தேஹ் ஊர் ஏரி போன்றவை ஆழமற்றவை, மீன்வளம் இல்லாதவை."

இது நன்றாக இருந்தது. காரணம், நான் எழுதியதில்லை. 1957ஆம் வருடத்து அளவைப் பதிவேட்டிலிருந்து அப்படியே எடுத்தது. வரைவை நூலகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். நாலாம் நாள் மார்ஃபா அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

2

மார்ஃபா அக்கா வானிலை நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் வெளியே போய் வெப்பமானியைப் பார்த்து, தசமப் புள்ளி உட்பட எழுதி வைத்தவர். எண் விஷயத்தில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது.

மேலங்கியைக் கூடக் கழற்றாமல் வரைவை மேசையில் போட்டார்.

"ஏரியப் பத்தின இந்த வரி யாரு எழுதினது?"

"பழைய பதிவேட்டுல இருக்கு, அக்கா."

"பதிவேட்டுல இருந்தா எடுத்துப் போட்டுடுவியா? மூளையக் கழட்டி எங்க வச்ச, மாட்டுக் கொட்டகையிலயா?"

"ஏரி ஏரியா நான் போய் அளக்க முடியுமா?"

"அளக்க வேணாம். அந்த வரிய எடு. அது எங்கப்பா வாயிலேர்ந்து வந்த வரி."

பால் விட்ட தேநீர் கொடுத்தேன். அதைத் தொடாமல் அவர் சொன்னது அடுத்த பகுதி. [அந்த ஏரிக்குப் பெயர் உண்டு. நான் எழுத மாட்டேன். அதில் வலை போட்டுச் சாப்பிட்டவர்கள் அதன் பெயரை வெளியில் சொல்வதில்லை. என் அம்மா வழியில் நானும் சாப்பிட்டவன்.]

3

1957இல் தித்தேஹ் ஊரில் முப்பத்தொரு வீடு. மார்ஃபாவுக்கு ஏழு வயது. மார்ச் மாதம் ஒரு மதியம், மாஸ்கோவிலிருந்து வந்த அளவையாளன் கிளெபோவ், மார்ஃபாவின் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். கால் விரல் இரண்டு குளிரில் கறுத்துவிட்டன. ஏரிப் பனியைத் துளைக்கும் கருவி வழியிலேயே உடைந்துவிட்டது. இன்னும் நாற்பது ஏரி பாக்கி. மார்ஃபாவின் அப்பா ஹபிரில் அந்தப் பக்கத்திலேயே பெரிய மீன்காரர். அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

"ஏரி எவ்வளவு ஆழம் இருக்கும், ஹபிரில்?"

"ஆழமா? அது என்ன பெரிய ஏரியா. குட்டை. முழங்கால் நனையும்."

"மீன்?"

"என்னத்த மீனு. நாலு கெடைக்கும், அதுவும் பூனைக்குத்தான் ஆகும்."

அப்போது அந்த வீட்டு நிலவறையில் எண்பது மூட்டை மீன் உறைந்து கிடந்தது. மார்ஃபாவுக்கு அது தெரியும். அவள்தான் அன்று காலை இறங்கி எடுத்து வந்தாள். அப்பா பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு எப்படிச் சொல்வார்? ஏரியைப் பற்றிப் பெருமை பேசினால் ஏரி கேட்டுக்கொண்டிருக்கும். மறு வருடம் வலை வெறுமையாக வரும். கரடி அடித்தவன்கூட "சின்னதா ஒண்ணு விழுந்துச்சு" என்றுதான் வீட்டில் சொல்வான். கேட்கிறவர்கள் புரிந்துகொண்டு பெரிய அண்டாவை எடுத்து வைப்பார்கள்.

கிளெபோவ் அண்டா எடுத்து வைக்கவில்லை. எழுதிக்கொண்டான்.

இரண்டு வருடத்தில் உத்தரவு வந்தது. கூட்டுப் பண்ணைகளை இணைக்கிறார்கள்; நீரும் மீனும் இல்லாத தித்தேஹுக்கு எதிர்காலம் இல்லை; எல்லாரும் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இங்கே வர வேண்டும். வந்தார்கள். வைக்கோல் பற்றாமல் முதல் குளிர்காலத்திலேயே மாடுகளில் பாதி செத்தன; குளிர்காலந்தோறும் பழைய ஏரிக்கே போய் வலை போட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது எழுந்து கிளெபோவைத் திட்டுவார்கள். ஹபிரில் தட்டைப் பார்த்தபடி தலையாட்டுவார். இருபத்தேழு வருடம் அப்படித் தலையாட்டிவிட்டுச் செத்துப்போனார்.

4

எழுதியதை அக்காவிடம் காட்டினேன். [முதல் வரைவில் ஹபிரிலுக்குத் தொங்கு மீசை வைத்திருந்தேன்.]

"எங்கப்பாவுக்கு ஏன்டா மீசை? அவருக்குத் தாடையில நாலு முடி மொளைக்கல."

"கதைக்காக வச்சேன்."

"கதைக்காகன்னு ஆரம்பிச்சா நீயும் கிளெபோவ்தான்."

மீசையை எடுத்துவிட்டேன். ஆனால் ஹபிரில்மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. உத்தரவு வந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாமே? கோழையா? அக்காவிடமே கேட்டேன்.

"தெறந்து என்ன சொல்றது? ஏரி ஆழம்னு சொல்லணும். இல்ல, ஊர் போனது என்னாலன்னு சொல்லணும். ரெண்டுமே அவரால முடியல."

"உங்களால முடியுமா?"

கைப்பையிலிருந்து ஒரு அறிவிப்பை எடுத்து நீட்டினார். ஒரு சுரங்க நிறுவனம் அந்த ஏரியைக் கழிவுச் சேறு விடும் குழியாகக் கேட்டிருக்கிறது. காரணம் பதிவேட்டிலேயே இருக்கிறது: ஆழமில்லை, மீனில்லை, ஊருமில்லை. ஏப்ரல் பத்தாம் தேதி பண்பாட்டு மாளிகையில் மக்கள் கருத்துக் கூட்டம்.

அப்போதுதான் என் பத்துப் பக்கம் செத்தது. பரப்பளவும் மக்கள்தொகையும் எழுதிக்கொண்டிருந்தவன், ஒரு ஏரி உயிரோடு இருக்குமா என்று பயப்படத் தொடங்கினேன். பயந்தவன் முன்னுரை எழுத முடியாது. கதைதான் எழுத முடியும்.

5

மார்ச் கடைசியில் இருவரும் பனிவண்டியில் போனோம். தித்தேஹில் குதிரை கட்டும் கம்பங்கள் மட்டும் நின்றன. அவற்றை யாரும் பிடுங்குவதில்லை. தானாக விழும்வரை அந்தந்த வீட்டுக்காரருடையது. அக்கா ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். தன் வீட்டுக் கம்பத்தைத் தொடவில்லை.

கரையில் தீ மூட்டி, அதில் வெண்ணெயும் அப்பமும் காணிக்கையாகப் போட்டார். "அளக்க வந்திருக்கேன். கோவிச்சுக்காத. வேற வழியில்ல," என்று ஏரியிடம் சொன்னார். நான் நடு ஏரியில் துளை போட்டேன்.

கயிற்றை அவர் வீட்டிலேயே கையை விரித்து விரித்து அளந்து கொண்டுவந்திருந்தார். இரு கையையும் விரித்தால் ஒரு பாகம்; சரியாகப் பதினைந்து பாகம். நுனியில் ஒரு டிராக்டர் இரும்பு. விட்டோம். போனது. போய்க்கொண்டே இருந்தது. இரும்பு தரையில் உட்கார்ந்தபோது பனிக்கட்டிக்கு மேலே என் கையில் மிஞ்சியது இரண்டு பாகம்.

அக்கா மண்டியிட்டு அந்த இரண்டு பாகத்தையும் மறுபடி அளந்தார். பிறகு குறிப்பேட்டை எடுத்து, பேனா முனையைத் தாளில் வைத்தார். அது நகரவில்லை. முப்பத்திரண்டு வருடம் எண் எழுதிய கை.

"மை உறைஞ்சு போச்சு," என்றார். பென்சில் என் சட்டைப் பையில் இருந்தது. நானும் எடுக்கவில்லை.

6

முடிவுகள்.

(அ) கூட்டத்தில் அக்கா முழங்குகிறார், அரங்கமே அழுகிறது, சுரங்கக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள். [எங்கள் ஆட்கள் அரங்கத்தில் அழ மாட்டார்கள். வெளியே போய்ப் புகை பிடிப்பார்கள். அடித்தேன்.]

(ஆ) கிளெபோவின் பேத்தி மன்னிப்புக் கடிதத்தோடு வந்து— [வெட்கமாக இருக்கிறது.]

(இ) அக்கா எழுந்து, "ஒண்ணும் பெருசா இல்லீங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்கிறார். [இதை எழுதியபின் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடிக்கவும் மனம் வரவில்லை.]

7

ஏப்ரல் பத்து. பண்பாட்டு மாளிகை. சுரங்கக்காரர்களின் வரைபடம் திரையில். மார்ஃபா அக்கா எழுந்தார். முப்பத்தொரு வீட்டின் பிள்ளைகளும் பேரன்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சொன்னார்:

"கிளெபோவை இனிமே திட்டாதீங்க. அவனுக்கு அப்படிச் சொன்னது எங்கப்பா. நான் பக்கத்துல இருந்தேன். நம்ம வழக்கப்படி சொன்னாரு. அவன் எழுதிட்டான்."

பின் வரிசையில் ஒரு கிழவர், "எங்கப்பா இருந்திருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு," என்றார். அக்காவின் தோள் இறங்கியது. அறுபத்தேழு வருடம் தூக்கிச் சுமந்தது அது.

கூட்டத் தலைவர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. அப்ப உண்மையான ஆழம் எவ்வளவு? சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறோம்."

எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

அக்காவின் வாய் அசைந்தது. ஒலி வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்: எழுதுகிறவன் நீதானே, சொல்லேன். எனக்கும் நாக்கு எழவில்லை. அந்த மீனைத் தின்று வளர்ந்த நாக்கு. அரங்கத்தில் இருந்த எல்லாருக்கும் அதே நாக்கு. சுரங்கக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. இந்தக் கதை எப்படி வந்திருக்கிறது என்று நேற்று பதிப்பாசிரியர் கேட்டதற்குக்கூட, "சின்னதா ஏதோ கிறுக்கியிருக்கேன்," என்றுதான் சொன்னேன். நான் அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் அந்த ஏரியில் வலை போட்டவர் இல்லை. நீங்கள் சொன்னால் ஏரி கோபிக்காது. கயிறு பதினைந்து பாகம். மேலே மிஞ்சியது இரண்டு. கழித்துப் பாருங்கள். எழுத்தர் இன்னும் பேனாவை மூடவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.