பாதி மாத்திரை

புது மருந்துச் சோதனையில் யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெத்து மாத்திரை என்பது குலுக்கலில் முடிவானது. டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியுமாம். அக்காவும் தங்கையும் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"நாக்குல பழைய காசு வெச்ச மாதிரி இருக்குடி," என்றாள் அக்கா.

"எனக்கு சாக்பீஸ் தின்ன மாதிரி இருக்கு."

"அப்போ உனக்கு வெத்துதான். குலுக்கல்லகூட மூத்தவளுக்குத்தான் மரியாதை."

அம்மாவை நாற்காலியோடு முடக்கிப்போட்டு, கடைசியில் கொண்டும் போன தசை நோய் இருவர் கால்களிலும் ஏறிக்கொண்டிருந்தது. வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடாத நாட்களில் தெரு என்பது ஜன்னலுக்குள் அடங்கிய ஒன்று. மழை பெய்தால் குடைகளின் தலை மட்டும் தெரியும்.

சில வாரங்களில் அக்கா கைப்பிடியைத் தொடாமல் மாடியேறினாள். தங்கை கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அன்று மாலை அக்கா கத்தியை எடுத்து இருவருடைய மாத்திரைகளையும் நடுவில் வெட்டினாள். பாதியைப் பாதியோடு மாற்றி வைத்தாள்.

"வேணாம்க்கா. தெரிஞ்சா ரெண்டு பேரையும் துரத்திடுவாங்க."

"நான் மட்டும் ஓடியாடி யாரோட விளையாடப் போறேன்? வாயைத் திற."

பழைய காசு தங்கையின் நாக்கிலும் வந்து உட்கார்ந்தது. கால்கள் கொஞ்சம் இலேசாயின. ஆனால் அக்காவின் கை மறுபடி கைப்பிடிக்குத் திரும்பியது. அவள் படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்வாள்.

ஆஸ்பத்திரியில் சோதனை நாள். நீண்ட நடைக்கூடத்தின் இரு முனையிலும் தரையில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள். அக்கா நடந்துகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் தங்கைக்கு ரத்தம் எடுத்த நர்ஸ், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"போன தடவை சிட்டா பறந்தாங்களே. என்னாச்சு?"

நர்ஸ் ரத்தக் குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டினாள்.

"இந்த நோய்க்கு ஆள் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. மொத்தமே கொஞ்சம் பேர்தான். ரெண்டு பேர் நடை குறைஞ்சாலே மருந்து வேலை செய்யலைன்னு ஆயிடும். அடுத்த மாசம் இதுவரைக்கும் வந்ததை வெச்சு ஒரு கணக்குப் பாக்கறாங்க. அதுல தேறலைன்னா மருந்தை விக்க அனுமதி கேக்காமலே சோதனையை மூடிடுவாங்க."

"இந்த ரத்தத்துல மருந்து இருக்கான்னு பாக்க மாட்டீங்களா?"

"ஃப்ரீஸர்ல வெப்போம். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பாப்பாங்க."

முடிந்த பிறகு. அதற்குள் மருந்தே இருக்காது. தங்கைக்கு அந்த அறையின் நான்கு சுவர்களும் ஓர் அடி உள்ளே வந்ததுபோல் இருந்தது.

"சிஸ்டர், நாங்க மாத்திரையைப் பங்கு போட்டுக்கிட்டோம்."

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து பஞ்சை அழுத்தினாள்.

"இது என் காதுல விழல."

"சிஸ்டர்..."

"விழுந்தா எழுதணும். எழுதினா உங்க ரெண்டு பேருக்கும் இன்னியோட மாத்திரை நிக்கும். அப்புறம் மருந்து கடைக்கு வந்தாத்தான். வந்தா! எத்தனை வருஷமோ. அதுவரைக்கும் உங்கக்கா கால் காத்துக்கிட்டு இருக்குமா?" குரல் தாழ்ந்தது. "பேசாம வீட்டுக்குப் போங்க. இனிமே அவங்கவங்க மாத்திரையை அவங்கவங்க முழுங்குங்க."

எவ்வளவு சுலபமான வழி! தங்கை மனசால் அதற்குள் பாதி போயும்விட்டாள்.

"இன்னிக்கு அக்கா நடக்கறது அடுத்த மாசக் கணக்குல சேருமா?"

நர்ஸ் ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டாள். மூடியைத் திருகினாள். "நான் எழுதாத வரைக்கும் சேரும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா சுவரைப் பிடித்து நின்றுவிட்டாள். தங்கை பார்ப்பதைக் கண்டதும், 'என்னடி வேடிக்கை' என்பதுபோல் முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு, மறுபடி காலை எடுத்து வைத்தாள். நிமிடம் இன்னும் பாக்கியிருந்தது போலும்.

"திரும்பச் சொல்றேன், சிஸ்டர்," என்றாள் தங்கை. "அக்காவோட மருந்துல பாதியை நான்தான் தின்னேன். எழுதிக்குங்க."