பட்டுப்புடவையில் வந்த மீன்காரம்மா

பொய் சொல்வதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. முழுப் பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு வருஷம் அங்கேயே பள்ளிக்கூடம் போகிற திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டபோது, 'தாயார் தொழில்' என்ற கட்டத்தில் 'கடல் உணவு வணிகம்' என்று எழுதினேன். அதில் என்ன பொய்? எங்கம்மா வச்சலா தினமும் விடிவதற்குள் சதுரங்கப்பட்டினம் கரையில் மீன் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். கடல், உணவு, வணிகம் மூன்றும் இருக்கிறது. அப்பா மாரிக்கு 'படகு உரிமையாளர்' என்று போட்டேன். அந்தப் படகில் அவருக்கு நாலில் ஒரு பங்கு.

செங்கல்பட்டில் நான் படிக்கும் பள்ளியிலிருந்து இருபத்திரண்டு பேர் பரீட்சை எழுதினோம். கடைசிச் சுற்றுக்கு நான் ஒருத்திதான் போனேன். செலவு முழுக்க அவர்களுடையது. கடைசிச் சுற்று என்றால், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். 

எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. ஒரு ஹால், ஒரு ரூம். ஹாலில் பாதியை வலை பிடித்துக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்பில் ஒருத்தி என் பையைத் திறந்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். அதுவரை எனக்குத் தெரியாத வாடை, அன்றிலிருந்து என் மூக்கிலும் ஏறிவிட்டது. அந்த ஹாலில் ஒரு மேடத்தை எந்த நாற்காலியில் உட்கார வைப்பேன்?

அம்மாவின் தம்பி தேவா மாமா நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். எட்டாவது மாடியில் வாடகை வீடு, லிஃப்ட், பால்கனி எல்லாம் உண்டு. அந்த முகவரியை எங்கள் வீடு என்று கொடுத்தேன். அப்பாவும் அம்மாவும் வியாபார விஷயமாக வெளியூர் போயிருப்பதாக, வீடு பார்க்க வரும் மேடத்துக்குச் சொன்னேன். அம்மாவிடம், "அவங்க நம்ம பக்கமெல்லாம் வரமாட்டாங்களாம்மா. மாமா வூட்லயே பாத்துக்கலாம். நீ யாவாரத்த வுட்டுட்டு வராத" என்றேன். அம்மா நம்பிவிட்டாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சுஜாதா மேடம் வந்தார். சோஃபாவில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் விரித்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன். மாமாவின் மனைவி பரிமளா அத்தை காபியோடு வந்தபோது காலிங் பெல் அடித்தது. நான்தான் போய்த் திறந்தேன்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, இடுப்பில் அன்னக்கூடை. அதில் வாழையிலை போட்டு மூடிய ஒரு வஞ்சிரம். மீனோடு வந்ததால் வாட்ச்மேன் ஆட்கள் ஏறுகிற லிஃப்ட்டில் விடாமல், சாமான் ஏற்றுகிற லிஃப்ட்டில் அனுப்பியிருக்கிறான். எங்கள் குப்பத்தில் நல்ல காரியத்துக்கு ஆள் வந்தால், அன்றைக்கு எடுத்த முதல் மீனை விற்க மாட்டார்கள். வந்தவர் கையில் கொடுப்பார்கள். பிள்ளையைப் பார்க்க ஆள் வருகிறது, பெற்றவள் இல்லாமல் எப்படி என்று, மாமாவுக்கு போன் போட்டு நேரம் கேட்டுக்கொண்டு, மாமல்லபுரத்தில் பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"யாரு மோனிஷா?" என்றார் மேடம்.

யோசிக்க நேரமே இல்லை என்று பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

"மீன்காரம்மா மேடம். வாராவாரம் கொண்டு வருவாங்க."

அத்தை காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேடத்தின் பார்வை அம்மாவின் புடவையில் நின்றது. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஆமாம்மா. இந்த வூடு நமக்கு வாடிக்கை. ஒரு கல்யாணத்துக்குப் போய்கினு கீறேன், அதான் பொடவை. அப்படியே மீனக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் பொய் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

மேடம் எழுந்து வந்து இலையைத் தூக்கிப் பார்த்தார். "வஞ்சிரமா! இவ்ளோ பெருசா எங்க கிடைக்குது? எனக்குத் தருவீங்களா?"

"உங்களுக்குத்தாம்மா கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்ட அம்மா, சட்டென்று சுதாரித்து, "உங்களுக்கு இல்லாமயா" என்றாள். மேடம் விலையைக் குறைத்துக் கேட்டார். மார்க்கெட்டில் அஞ்சு ரூபாய் விடாத எங்கம்மா, கேட்ட விலைக்கே தலையாட்டினாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தையின் சமையலறைத் தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து, துண்டு போட்டு, கழுவி, பையில் கட்டிக் கொடுத்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து 'இந்தியக் குடும்ப உறவுகள்' பற்றி மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தேன். போகும்போது வாசலில் நின்று, "நல்லா படி பாப்பா" என்றாள். யார் வீட்டுப் பிள்ளைக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் செருப்படி வாங்கத் தயாராகத்தான் வீட்டுக்குப் போனேன். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாளும் அதேதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். அவள் என் தட்டில் மீன் வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு முள்ளில்லாத துண்டுகூட இறங்கவில்லை.

பதினைந்து நாளில் தேர்வாகிவிட்டேன் என்று மெயில் வந்தது. அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அவருக்கு நாவலூர் கதை எதுவும் தெரியாது. அம்மா சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வேன்?

பிறகு ஒரு கடிதம் கேட்டார்கள். என்னை வைத்துக்கொள்ளப் போகும் குடும்பத்துக்குப் பெற்றோர் எழுத வேண்டிய கடிதம். அம்மா தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதுவதாக ஏற்பாடு. அவள் மார்க்கெட்டிலிருந்து வந்து, குழாயடியில் கூடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"இடி இடிச்சா பயப்படுவா. பக்கத்துல யாராவது படுத்துக்கங்க. காலைல எழுப்பினா கோவப்படுவா, கண்டுக்காதீங்க. எழுதினியா?"

"ம்."

"வெக்கம் வந்தா பொய் சொல்லுவா. அப்ப அடிச்சிக் கேக்காதீங்க. கொஞ்ச நேரம் வுட்டா தானே வந்து சொல்லிடுவா. நல்ல புள்ளதான். எழுதினியா?"

பேனா நகரவில்லை. "எழுதிட்டேன்மா" என்றேன். அந்த வரியை எழுதவில்லை. அவளும் கூடையிலிருந்து நிமிரவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "வேற?" என்றுதான் வந்தது.

"நான் இன்னா வேல செய்றேன்னு கேட்டா, நீயே பாத்து எதுனா போட்டுக்க" என்றாள்.

கடைசியாக, நாவலூர் சனிக்கிழமை முடிந்து ஐந்தாவது வாரம், செங்கல்பட்டில் ஒரு ஹாலில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். தாய், தகப்பன் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நடத்துவது சுஜாதா மேடம். அம்மாதான் தைரியம் சொன்னாள். "சாதா பொடவையாக் கட்டிகினு வரேன், பூ வெக்கல. மீன் வாங்க வரவங்க மீனத்தான் பாப்பாங்க, விக்கிறவ மூஞ்சியையா பாப்பாங்க? மேடத்துக்கு ஞாபகம் இருக்காது."

இருந்தது. மேஜைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்த சுஜாதா மேடம் அம்மாவைப் பார்த்ததும் சிரித்தார். "அட, நீங்க வஞ்சிரம் கொடுத்தவங்கதானே? இங்க எங்க?"

வரிசையில் எங்களுக்குப் பின்னால் டை கட்டிய அப்பாக்களும் கைப்பை மாட்டிய அம்மாக்களும் நின்றார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பாவம், அவசர அவசரமாக ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். எனக்காக இன்னொரு பொய். அது கிடைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"எங்கம்மா மேடம்."

"இல்லம்மா" என்றாள் அம்மா, என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டு. "புள்ள தப்பா சொல்லுது. அதோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. நான் சும்மா தொணைக்கு வந்தேன்."

அப்பா திகைத்துப்போனார். "இன்னா வச்சலா, ஒளறிகினு கீற?"

ஹாலே எங்களைப் பார்த்தது. பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை இல்லை என்று ஊரறியச் சத்தியம் செய்கிறாள் ஒருத்தி. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான். பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன்.

"எங்கம்மாதான் மேடம். அன்னைக்கும் எங்கம்மாதான். அந்த மீன் உங்களுக்குச் சும்மா கொடுக்கக் கொண்டு வந்தது. நான்தான் பொய் சொன்னேன். அந்த வீடும் எங்களுது இல்ல."

மேடம் பேனாவை மூடினார். அம்மாவிடம் கைகூப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதை நான் மேல சொல்லியாகணும், மோனிஷா. இடம் இருக்குமான்னு தெரியாது. ஒரு வாரத்துல மெயில் வரும்."

கையெழுத்து வாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அப்பா முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். அம்மா என் பக்கத்தில்.  திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ஏன்டி வாயத் தொறந்த? நான் சமாளிச்சிருப்பேன்ல? இப்ப எல்லாம் போச்சு." கண்ணீர் வழிந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நீதானம்மா சொன்ன," என்றேன். "கொஞ்ச நேரம் வுட்டா தானே வந்து சொல்லிடுவான்னு."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுக்கு அஞ்சு வாரமாடி ஆவும்?" என்றாள்.

 எங்கள் ஸ்டாப் வந்தது, இறங்கினோம்.