நம்பும்படியாக ஒரு தடவை

"நான் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன், சொல்லவே மாட்டேன்!"

"சொல்ல மாட்டேங்கிறதுக்கு இவ்வளவு சத்தமா? இதுல பாதி சத்தத்துல சொல்லி முடிச்சிருக்கலாம்!"

"அண்ணா, அண்ணி, ரெண்டு பேரும் கொஞ்சம் ஜன்னல் பக்கமா வந்து சண்டை போடுங்க, மூஞ்சி இருட்டா விழுது."

மூன்றாவது குரல் நாத்தனாருடையது, கையில் போன், போனுக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு... இவள் பிறக்கும்போதே போனோடு பிறந்தாளோ என்னவோ, வீடு தீப்பிடித்தால்கூட முதலில் எந்தப் பக்கம் நன்றாக எரிகிறது என்றுதான் பார்ப்பாள் என்று அண்ணி நினைத்தாள், நினைத்துவிட்டு, இதை ஒரு வீடியோவில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று உடனே தோன்றியது, தோன்றியதும் தன்மேலேயே கோபம் வந்தது, எதை நினைத்தாலும் இப்படியா, மனசுக்குள்ளேயும் ஒருத்தி உட்கார்ந்து படம் பிடிக்கிறாளா? மூன்றாவது மாடியில் இத்தனை கூச்சல் எழுந்தும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. முன்பெல்லாம் இவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் போதும், எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் குப்பை கொட்டுகிற சாக்கில் வெளியே வந்து, கூடையில் இல்லாத குப்பையைக் கொட்டிவிட்டுப் போவார். இப்போது எதற்கு வரணும்? சாயங்காலம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, வெட்டி ஒட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், காது வைத்துக் கேட்கிற சிரமம் மிச்சம்.

ஊருக்கு அவள் பெயர் கரண்டியக்கா. ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக ஒருநாள் புருஷன்காரனைக் கரண்டியும் கையுமாக நாலு வார்த்தை கேட்டாள், நாலே வார்த்தை, அதுவும் அன்றைக்கு அவள் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் ஒரு கிழவர் போன மாசம் வாங்கிய இருமல் டானிக்கைப் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்து படுத்தின பாட்டில் வந்த எரிச்சல், அதை நாத்தனார் கதவிடுக்கில் நின்று வீடியோ எடுத்துத் தன் சேனலில் போட்டுவிட்டாள். மறுநாள் விடிந்தபோது முன்பின் தெரியாத ஜனமெல்லாம் இவளை அக்கா என்றது. புருஷன்காரனுக்குப் பாவம் மாமா என்று பட்டம். வாய் திறக்காமல் துண்டை மடித்தாரே, அந்த ஒன்றுக்காக, உலகத்துக் கணவன்மார்கள் எல்லாரும் அவர் பின்னால் அணிவகுத்துவிட்டார்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனிதர், மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான் தொழில், போகிற கட்டடத்தில் எல்லாம் "மாமா, எப்படி மாமா அந்த அக்காவோட குடும்பம் நடத்துறீங்க?" என்று தோளைத் தட்டுகிறார்களாம், இவரும் ஒரு பெருமூச்சு விடுவாராம். மருந்துக் கடையிலோ, ஜுரத்துக்கு மாத்திரை வாங்க வந்த ஆள் ஜுரத்தோடு நின்று, "ஒரே ஒரு தடவை திட்டுங்கக்கா, என் வீட்டுக்காரிக்கு அனுப்பணும்" என்கிறான். திட்டி அனுப்பினாள். வேறென்ன செய்ய, முதலாளியே கல்லாவிலிருந்து சிரித்துக்கொண்டு பார்க்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் நிஜமாகக் குரலை உயர்த்தினது அந்த ஈரத்துண்டுக்கு மட்டும்தான். மற்றபடி வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள், மாமியார் இருந்த காலத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். அந்த ஒரு சண்டையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது, ஆகவே சண்டை தயாரித்தார்கள். சீப்புச் சண்டை, போர்வைச் சண்டை, குழாயை மூடாத சண்டை, அவருடைய குறட்டைக்கு ஒரு சண்டை, தனக்குக் குறட்டையே வராது என்று அவர் சாதித்ததற்கு இன்னொன்று. ஒரு விதி வைத்திருந்தார்கள்... மாமா ஒரு கை தட்டுவார், தட்டினால் அதற்குப்பிறகு எல்லாம் நடிப்பு, யார் என்ன சொன்னாலும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல விதிதான், எந்த வீட்டில் இருக்கிறது இப்படி ஒரு வசதி? கை தட்டியதும் அவளுக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வருவாள், இடுப்பில் கை வைப்பாள், அவளுக்குப் பயமே கிடையாது. அந்த விதிதான் அவளைக் கவிழ்த்துவிட்டது, ஏனென்றால்... முதலாளி அடுத்த ஊரில் புதுக் கடை திறக்கிறார், நீயே வந்து பார்த்துக்கொள் என்கிறார், பொறுப்பு முழுக்க உன்னுடையது, தங்க மாடியில் அறை இருக்கிறது, வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து போகலாம். இதை எப்படி இவரிடம் கேட்பது? சாப்பிடும்போது கேட்க வாயெடுத்தாள், சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்தாள். படுக்கும்போது வாயெடுத்தாள், லைட்டை அணைக்கட்டுமா என்று கேட்டாள். கடைசியில் தனக்குப் பதிலாகக் கரண்டியக்காவையே கேட்கச் சொன்னாள்.

அவர் கை தட்டினார், சண்டை ஆரம்பித்தது. திட்டம் என்னவென்றால் இவள் கோபித்துக்கொண்டு வெளியே போகணும், செருப்பை மறந்துவிட்டதாகத் திரும்பி வரணும், மாமா செருப்பைத் துடைத்து நீட்டணும், ஜனம் சிரிக்கணும். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு அடுத்த ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, நான் போறேன், உங்க குறட்டையைக் கேட்க வேற ஆளைப் பாருங்க" என்றாள். அவர் முகம்... ஒரு கணம், சோப்பு நுரை அடங்குகிற மாதிரி அந்தப் பாவம் மாமா அடங்கி, அடியிலிருந்து வேறொரு முகம். இது திட்டத்தில் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இவள் கதவுக்கு நடந்தாள், அவர் முந்திக்கொண்டார், கதவைப் பூட்டினார், சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், மணிக்கட்டைப் பிடித்தார். விடுங்க என்றாள். விடுங்க. விடுங்கன்னு சொல்றேன்ல. கடைசி விடுங்க கரண்டியக்காவின் குரலில் வரவில்லை, ஊமைக்கோட்டானின் குரலில் வந்தது, காற்றாக. நாத்தனார் நிறுத்தாமல் எடுத்தாள், சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டாள், ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, மாமாவுக்கும் வீரம் வந்துடுச்சு என்று கைதட்டியது.

ஒரே ஒரு இடத்தில்தான் சிரிக்கவில்லை. வீடியோ காணாமல் போய், சேனலை நடத்தவிடுகிற கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது, ஒருவர் தன் விருப்பத்துக்கு மாறாகத் தடுத்து வைக்கப்படுவதுபோல் இதில் தெரிகிறது, அவருக்கு உதவி தேவைப்பட்டால் இந்த எண்ணை அழைக்கவும் என்று. அவள் அதைக் குளியலறையில் வைத்துப் படித்தாள், தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தாள், தண்ணீரை நிறுத்திவிட்டும் படித்தாள். யார் எழுதியிருப்பார்கள்? மெஷின்தான் பார்க்குமாம், நாத்தனார் சொல்கிறாள், மெஷினுக்கு நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம். அப்படியா? டியூஷன் டீச்சருக்குத் தெரியவில்லை, முதலாளிக்குத் தெரியவில்லை, பெற்ற அம்மா போன் போட்டு, "மாப்பிள்ளை நல்லா நடிச்சிருக்காரே, நீதான் கொஞ்சம் ஓவர்" என்றாள், மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது! இல்லை, மெஷினாக இருக்காது, ஒரு பெண், எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசையாகப் போட்ட மேசைகளில் ஒன்றில், நாள் முழுக்க அடுத்தவன் வீட்டு அடிதடியைப் பார்ப்பதே வேலையாக, கழுத்து வலியோடு, டீ ஆறிப்போய்... அந்த மகராசி சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்திருப்பாள், சிரிப்புச் சத்தம் இல்லாமல். எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த எண்ணை அழைத்தாளா? அழைத்து என்ன சொல்வது, கரண்டியக்கா பேசுகிறேன் என்றா? எதிர்முனையில் சிரித்துவிட்டால்?

இப்போது கம்பெனி கேட்பது ஒன்றுதான். அது நடிப்பு என்று சம்பந்தப்பட்ட பெண்ணே முகம் காட்டிச் சொல்லணும், சொன்னால் வீடியோ திரும்பி வரும், இல்லாவிட்டால் சேனலையே மூடிவிடுவார்கள். சொல்லிவிட்டால் புதுக் கடை கிடையாது, அது அவளுக்குத் தெரியும். நடிப்பு என்று ஆனபிறகு அதை எந்த வாயால் மறுபடி கேட்பது? அதனால்தான் மாட்டேன், மாட்டேன் என்று இந்தக் கத்தல். கை தட்டாமல் அவள் கத்துவது ஈரத்துண்டுக்குப் பிறகு இதுதான், அதை அண்ணனும் தங்கையும் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"எனக்காகவா கேக்குறேன்? இவளுக்கு இது ஒண்ணுதான் பொழைப்பு, மூடிட்டா இவ கதி?" என்று அவர் தங்கையைக் காட்டினார். எப்போதும் இதுதான், தனக்காக ஒன்றையும் கேட்க மாட்டார், பாவம். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையில் வகிடு கோணலாக இருந்தது, சின்ன வயசிலிருந்து இவள் பின்னிவிட்ட தலை... அண்ணி ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வணக்கம், அந்த வீடியோவில் நடந்தது நடிப்பு."

"அண்ணி, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் தெம்பா."

தெம்பாகச் சொன்னாள். மிரட்டிச் சொல்லவைத்த மாதிரி இருக்கிறதாம். சிரித்துக்கொண்டு சொன்னாள். ஐயோ அது இன்னும் மோசமாம். பின்னாலிருந்து அவர், "ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு இருக்கே? சாதாரணமா இரு, வீட்ல இருக்கிற மாதிரி இரு" என்றார். வீட்டில் இருக்கிற மாதிரி என்றால் எந்த மாதிரி? துண்டு மடிக்கிற மாதிரியா, உப்பு கேட்கிற மாதிரியா, விடுங்க என்கிற மாதிரியா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, போனின் அந்தக் கறுப்புப் புள்ளிக்குப் பின்னால் ஆறின டீயோடு உட்கார்ந்திருப்பவளை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் நடிக்கலைங்க. எனக்கு நெஜமாவே வேலை கிடைச்சிருக்கு. நெஜமாவே போகணும். இவர் சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. விடுங்கன்னு சொன்னேன், விடலை. நான் இவர்கூட இவ்வளவு பேசினதே கிடையாது. எனக்குக் கத்தத் தெரியாதுங்க. போகணும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாள்! சொல்லியேவிட்டாள், உடம்பு லேசாக, எழுந்து நின்றால் தலை கூரையில் இடிக்கும் போல... நாத்தனார் போனை மெல்ல இறக்கினாள், அவள் கண் கலங்கியிருந்தது.

"அண்ணி... புல்லரிச்சுப் போச்சு. இதை அவங்களுக்கு அனுப்ப வேண்டாம், தனி வீடியோவா போடலாம். பிச்சுக்கும்."

"என்னா நடிப்பு!" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கண்ணையே இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்... தெரிந்துகொண்டு சொல்கிறாரா? அவருக்குத் தெரியாமல் இருக்குமா, சாவி அவர் பாக்கெட்டில்தானே கிடந்தது? ஒருவேளை நிஜமாகவே தெரியவில்லையா? இரண்டில் எது பரவாயில்லை, வேண்டுமென்றே மறைக்கிறவரோடு இருப்பதா, பார்த்தாலும் தெரியாதவரோடு இருப்பதா? இனிமேல் எப்படித்தான் சொல்வது, அழுதால் அருமையான அழுகை, விழுந்தால் அருமையான விழுகை, செத்தால்கூட, "அண்ணி, இன்னொரு தடவை"...

"எடு" என்றாள் நாத்தனாரிடம். பிறகு ஒரே மூச்சில், சிக்காமல், திக்காமல், அது நடிப்புதான், என் கணவர் தங்கமானவர், என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, உங்கள் அக்கறைக்கு நன்றி. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. அண்ணனும் தங்கையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று.

கம்பெனி நம்பிவிட்டது. தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தபோது, யாரையோ பொய்சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. வீடியோ சிரிப்புச் சத்தத்தோடு திரும்பி வந்தது. அடுத்த ஊர்க் கடைக்கு இவளோடு வேலை செய்கிற இன்னொருவர் போனார், பெண்டாட்டி பிள்ளையோடு மாடி அறையில் குடியேறிவிட்டார், அங்கே தண்ணீர் நன்றாக வருகிறதாம். நாத்தனாருக்கு அடுத்த வருஷமே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பல் டாக்டரிடம் உதவியாளர், ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே முதல் ஆளாக "அண்ணிதான் பாவம்" என்று எழுதி வந்த புண்ணியவான், அதைப் பார்த்துப் பார்த்தே நாத்தனாருக்கு அவன்மேல் மனசு போயிற்றாம், டியூஷன் டீச்சர் சொல்கிறார், பொண்ணு பார்த்த படலம் கமெண்ட்டிலேயே முடிந்துவிட்டது, ஒரு டீக்கூடச் செலவில்லை என்று. இருவரும் தொலைதூரம் குடிபோகிறார்கள். மாமா பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வாசலில் நின்று, கையில் போன் இல்லாமல், அண்ணியின் காதருகே வந்து கேட்டாள்.

"அண்ணி... அன்னிக்கு நீங்க அழுதுக்கிட்டு சொன்னீங்கள்ல, போகணும்னு. அது நெஜமா?"

கீழே ஹாரன் அடித்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தைதான், அண்ணி வாயைத் திறந்தாள்... எந்தக் குரலில் சொன்னால் இவள் நம்புவாள் என்று உள்ளே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், இது சரியில்லை, இது கொஞ்சம் ஓவர், இது ஆஸ்பத்திரி மாதிரி... அதற்குள் நாத்தனார் மாடிப்படி இறங்கிப் போய், வண்டிக்கதவு சாத்துகிற சத்தமும் கேட்டுவிட்டது.