ஐந்தாம் நாள் தையல்

"வயித்த மூடாமலே அனுப்பி வச்சிருக்கானுங்க!"

குளிப்பாட்டும் அறையிலிருந்து ஈரத் துணியும் கையுமாக வெளியே வந்து பைசன் கத்தினார். இறந்தவரின் அண்ணன் அவர். கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள்.

"யாரும் மறந்துடல அத்தான். அப்படித்தான் விடணும்" என்றாள் எஸ்னாத்தி. பாயின் நடுவில் உட்கார்ந்திருந்த அவள்தான் இறந்தவரின் மனைவி.

"என்ன அப்படித்தான்? ஒரு சாண் பொளந்து கெடக்கு. முப்பது வருஷமா கசுங்கு ஜில்லாவுக்கே வயிறு தச்சவன் என் தம்பி. அவன் வயித்துக்கு நூல் கெடைக்கலையாமா?"

இறந்துபோன லாக்சன் பெரிய டாக்டர் ஒன்றுமில்லை. மூன்று வருடம் படித்துவிட்டு மாவட்ட ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்தவர். எஸ்னாத்தி முதலில் அவருக்கு நர்ஸ், பிறகு மனைவி, அதன் பிறகும் நர்ஸ்தான்.

குடல் ஓட்டையாகிச் சீழ் பரவிய வயிறு அது. உள்ளே தைத்துவிட்டு மேல்தோலை மட்டும் திறந்து வைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அடைத்து வைத்து, காயம் சுத்தமாக இருந்தால் ஐந்தாம் நாள் மூட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் சீழ் உள்ளேயே தங்கி ஆளைத் தின்றுவிடும். இதைச் சொல்லி எத்தனை சொந்தக்காரர்களோடு லாக்சன் மல்லுக்கு நின்றிருப்பார்! தானே மேசையில் படுத்தபோதும், "தோலைத் தொடாதே தம்பி" என்றுதான் தனக்கு ஆபரேஷன் செய்ய நின்ற இளம் மருத்துவ ஆபீசரிடம் சொன்னார்.

இன்று ஐந்தாம் நாள்.

அவரைக் கொன்றது காயமில்லை. நடக்காமல் படுத்தே கிடந்ததில் காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே நோயாளிகளை எழுப்பி வராந்தாவில் விரட்டி நடக்கவிட்ட மனுஷன், தன் முறை வந்ததும், "நாளைக்கு நடக்கறேன் எஸ்னா, இன்னிக்கு ஒருநாள் விட்டுடேன்" என்று கெஞ்சினார். அவளும் விட்டுவிட்டாள். சோளக் கஞ்சியைப் படுக்கையிலேயே ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டபோது அவர் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

"நான் தைக்கறேன்" என்று எழுந்தாள்.

"பொண்டாட்டி குளிப்பாட்டுற ரூமுக்குள்ள வர்றதா? நல்லா இருக்கே! நீ பாயை விட்டு எந்திரிக்கவே கூடாது. நானே தச்சுடுவேன். ஊசி இருக்கு."

"என்ன ஊசி?"

"புகையிலை மூட்டை தைக்கறது."

பாயில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"அதை எடுத்துட்டுப் போங்க அத்தான். அவரே எந்திரிச்சு உக்காந்து உங்களத் திட்டுவாரு."

பைசனின் உதடு துடித்தது. சிரிக்க வந்தாரா அழ வந்தாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் ஒதுங்கி நின்றார்.

"சீக்கிரம் வா."

காயத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டேன்ஜே துணியால் மூடி, மற்ற ஆண்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எஸ்னாத்தி அடைத்திருந்த துணியை மெல்ல உருவினாள். சீழ் இல்லை, வாடையும் இல்லை. அவர் சொன்னதுபோலவே இன்று மூடத் தயாராக இருந்த காயம்.

தன் நர்ஸ் பையிலிருந்த ஊசியில் நூலைக் கோத்து, பழக்கத்தில் முதல் முடிச்சை இறுக்கினாள். உடனே நிறுத்திக்கொண்டாள். 'கழுத்தை நெரிக்காதே எஸ்னா, ஓரம் ரெண்டும் தொட்டுக்கிட்டாப் போதும், ரத்தம் ஓட வேணாமா?' என்று முப்பது வருடமும் அவளைக் கேலி செய்தவர் அவர். முடிச்சை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். அடுத்தது ஒரு விரல் தள்ளி. பன்னிரண்டு தையல், எல்லாமே தளர்வாக.

கத்தரியை நீட்டிய பைசன் குனிந்து பார்த்தார்.

"நூல் நீட்டிக்கிட்டு நிக்குதே. ஒட்ட வெட்டிடேன்."

"ஒட்ட வெட்டினா எப்படி அத்தான்? பத்தாம் நாள் தையல் பிரிக்கறவங்க கையில நூல் சிக்க வேணாமா?"

சுவர்ப் பக்கம் நின்றவர்கள் திரும்பவில்லை. பைசன் கத்தரியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, நூல் முனைகளில் சிக்கிவிடாதபடி துணியைத் தூக்கிப் பிடித்து மெதுவாக மேலே போர்த்தினார்.