கரையேறிய ஊமச்சிகள்

தண்ணீருக்குள் கிடக்கிற ஊமச்சியைத்தான் எடுக்க வேண்டும், தானாகக் கரையேறி வந்ததைத் தொடக் கூடாது என்பது மயிலாள் வீட்டு வழக்கம். நத்தையை அந்தப் பக்கத்தில் ஊமச்சி என்பார்கள். குளத்துச் சேற்றில் இடுப்பளவு நின்று, காலால் தடவித் தேடி, கூடை நிறைந்ததும் திருப்பூர்ச் சந்தையில் மூலநோய்க்காரர்களுக்கு விற்பது அவளுக்கும் அவள் புருஷன் சாமியப்பனுக்கும் பிழைப்பு. கரையேறி வந்தது அடைக்கலம் கேட்டு வந்தது. அதைத் திரும்பத் தண்ணீரில் விட்ட பிறகுதான் இருவரும் குளத்தில் இறங்குவார்கள். அரைவயிற்றுக் கஞ்சிக்காரர்கள் இப்படியொரு சட்டம் வைத்திருந்ததை என்னவென்று சொல்ல!

அந்த மாசி மாதத்துக் காலையில் சாமியப்பன் முன்னால் போய்விட்டான். மயிலாள் பின்னால் வந்து பார்த்தபோது கரை முழுக்க ஊமச்சி. மதகுச் சுவரில், கோரையில், வேலமரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. கொக்குகள் கொத்தத் தொடங்கியிருந்தன. சாமியப்பன் கூடை கூடையாக அள்ளித் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தான். கொட்டக் கொட்ட அவை மறுபடி ஏறின.

"எதுக்கோ பயந்துக்கிட்டு ஏறுது புள்ள," என்றான்.

அவளும் மடியில் அள்ளி அள்ளிக் கொட்டினாள். தண்ணீரில் ஏதோ காரநெடி அடித்தது. சேறு கிளறினால் எத்தனையோ நாற்றம் வரும் என்று விட்டுவிட்டாள். புண்ணியம் என்று நினைத்து இரண்டு பேரும் செய்தது அத்தனையும் கொலை.

வெயில் ஏறியதும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

குளத்து மீன் ரத்தினசாமியின் குத்தகை. பருத்திக்காட்டுக்காரர், கூலிக்காரர்கள் பண்ணாடி என்பார்கள். போன வருஷம்தான் மாட்டுக்கொட்டகையைப் பிரித்துவிட்டு, பனியன் துணி வெளுக்கிற பட்டறை போட்டிருந்தார். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பள்ளத்தின் கரையில்தான் அந்தப் பட்டறை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் மட்டும் கண் தெரியாது. அந்தக் கோபத்துக்கு ஆள்பலமும் இருந்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

சாமியப்பன் கூடையைத் தண்ணீரில் கவிழ்த்ததைக் காட்டுக்குப் போன நாலு பேர் பார்த்திருந்தார்கள். கள்ளிப்பால் கலந்து மீன் திருடுகிறவர்கள் அந்தப் பக்கம் உண்டு. அது போதுமாக இருந்தது. ரத்தினசாமியின் ஆட்கள் அவனை மதகுக் கல்லில் சாய்த்து, கூடையைப் பிடித்த கை எது என்று கேட்டு, அந்தக் கையின்மேல் மண்வெட்டிக் காம்பை இறக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தம் மயிலாளுக்குக் கேட்டது. குறுக்கே விழுந்தவளின் வாயில் ஒருவன் முழங்கையால் இடித்தான். பல்லைத் துப்பிவிட்டு மறுபடியும் விழுந்தாள்.

ஊமச்சியைத்தான் கொட்டினோம் என்று சாமியப்பன் அழுதுகொண்டே சொன்னான். கூட்டம் சிரித்தது. விற்றுப் பிழைக்கிறவன், கைக்கு வந்த சரக்கைத் தண்ணீரில் விடுவானா? உண்மையைச் சொன்னதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

"விசம் கலக்குலீன்னா இந்தத் தண்ணியக் குடிச்சுச் சத்தியம் பண்ணுடா," என்றார் ரத்தினசாமி.

அந்த ஊரில் குளத்துத் தண்ணீர்ச் சத்தியம் பெரிய சத்தியம். குடித்து முடித்தவனை அதற்குமேல் ஒருவரும் தொடக் கூடாது. துப்பினால் குற்றவாளி. சாமியப்பன் முகத்தில் உயிர் வந்தது. தான் எதையும் கலக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். தண்ணீர் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினான்.

மீன் அதிகமாகச் செத்துக் கிடந்த இடத்தில், பள்ளம் குளத்தில் விழுகிற வாயில், சொம்பை முக்கிக் கொடுத்தார்கள். முதல் மடக்கில் அவன் கண் மயிலாளைத் தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. துப்பிவிடுவான் என்று கூட்டம் காத்திருந்தது. துப்பவில்லை. ஒவ்வொரு மடக்காக விழுங்கி முடித்து, ஒடியாத கையால் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான். பிறகு முழங்காலில் சரிந்து ரத்தமாக வாந்தியெடுத்தான்.

சாமி காட்டிக்கொடுத்துவிட்டது என்றார்கள். கிடந்தவனை மிதித்தார்கள்.

மயிலாள் காலில் விழுந்து ஒரு வண்டிக்காரனைக் கூட்டிவந்தாள். வண்டி திருப்பூர் ரோட்டைத் தொடுவதற்குள் சாமியப்பன் செத்துப்போனான். அப்போதும் கையிலிருந்த சொம்பை அவன் விடவில்லை. வாயைத் துடைக்கக் குனிந்தவளுக்கு அந்தக் காரநெடி அடித்தது. காலையில் குளத்தில் அடித்த அதே நெடி.

வண்டிக்காரனைப் பிணத்துக்குக் காவல் வைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு குளத்துக்குத் திரும்பி, பள்ளத்தோடு மேலே நடந்தாள். வழியெல்லாம் ஊமச்சிகள் வாய் திறந்து கிடந்தன. போகப் போக நெடி கூடியது. அது போய் நின்ற இடம் ரத்தினசாமியின் பட்டறை. வெளுப்புத் தொட்டியிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, பள்ளத்தில் கலந்துகொண்டிருந்தது. கழிவைக் காட்டுப்பக்கம் விடுவதுதான் வழக்கம். அங்கே குழி நிறைந்துவிட்டதென்று முந்தின நாள் பள்ளத்துக்குத் திருப்பியிருந்தார்கள்.

ரத்தினசாமி தொட்டிச் சுவர் ஓரமாக நின்றிருந்தார். மயிலாள் வாய்க்காலில் சொம்பை முக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"விசம் இல்லீன்னா குடிங்க பண்ணாடி."

அதட்டுவதற்கு வாயைத் திறந்தவருக்கு நெடி மூக்கில் ஏறியது. சொம்பைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் போகிற திசையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மயிலா," என்றார். பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் 'ங்க' போட்டது அப்போதுதான்.

"அவருக்குந்தானுங்க தெரியாது," என்றாள் மயிலாள். "குடிங்க."

அவர் முகத்தைத் திருப்பினார். சொம்பாலேயே அந்த முகத்தில் அடித்தாள். மூக்கெலும்பு உடைந்து அவர் வாய்க்காலில் குப்புற விழுந்தார். முதுகில் ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பிடித்துத் தலையைத் தண்ணீரில் அழுத்தினாள். சேற்றில் கிடந்து உரமேறிய கை அது. வேலைக்காரர்கள் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள், விலாவில் உதைத்தார்கள். பிடி இளகவில்லை.

கடைசியில் அவளைப் பிய்த்து எடுத்து அவரைப் புரட்டிப் போட்டபோது, ரத்தினசாமி குடித்திருந்தார். துப்புவதற்கு அவருக்கு மூச்சில்லை.